இழை அறுந்தால் தறியை நிறுத்து!



சென்ற இதழில் குக்கர் மூடி ஓரமாக ஆவி கசிந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சேலத்துச் சகோதரி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். “குக்கரை நானே சரி செய்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது. திறந்தால் மூலையில் கண்ட கண்ட விளம்பரம் எட்டிப் பார்க்கிறது. ஆமை மாதிரி நகர்கிறது. கடைக்காரர், ‘வைரஸ்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாத்தான் ஆச்சு’ என்கிறார். குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த போட்டோவெல்லாம் அதில்தான் இருக்கிறது. அழிக்கச் சொல்லலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சேலத்துச் சகோதரியே, அவசரப்பட்டு அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். நான் அழித்தவள். அதனால் சொல்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ‘இவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்?’ என்று நீங்கள் நினைக்கலாம். பட்டுத்தான் என்ன தெரிந்துகொண்டேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு

எங்கள் வீடு தேசூரில். ஆரணிப் பட்டு நெய்கிற குடும்பம். கூடத்தில் இரண்டு தறி, பக்கத்து அறையில் கம்ப்யூட்டர். என் மாமனார் காலத்தில் புடவை டிசைனைக் கட்டம் போட்ட காகிதத்தில் கையால் வரைவார்கள். இப்போது என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் வரைகிறார். கூலிக் கணக்கு, ஜரிகைக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ், போட்டோ எல்லாம் அதற்குள்தான்.

மாமனார் 2021-ல் காலமானார். அதற்கு முந்தின பொங்கலன்று அவர் தறியில் உட்கார்ந்து நெய்வதை என் மகன் நாற்பது ஐம்பது படம் எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தான். இரண்டு வருஷம் கழித்து என் மகள் பள்ளிக்கூடப் பிராஜெக்டைப் பிரிண்ட் எடுக்க அதே பென் டிரைவை ஒரு கடைக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்து சொருகிப் பார்த்தால், ஒவ்வொரு ஃபோல்டரின் மேலும் குட்டியாக ஓர் அம்புக்குறி! திறந்தால் படம் வரவில்லை. ஒரு கறுப்புக் கட்டம் மின்னி மறைந்தது, அவ்வளவுதான்.

பயந்து போனேன். யாரோ சொன்னார்களே என்று ‘ஃபார்மட்’ கொடுத்தேன். சுத்தமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அம்மன் பாட்டுகளை அதில் நிறைய ஏற்றி வைத்தேன்.

பிறகு கொழுந்தனார் மகன் வந்தான். ஆரணியில் பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை. விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“பெரிம்மா, படமெல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கும். அந்த வைரஸ் எதையும் அழிக்காது. நிஜ ஃபோல்டரை மறைச்சிட்டு, அதே பேர்ல ஒரு பொய் ஃபோல்டரை முன்னாடி வெச்சிடும். நாம பொய்யைத் தொட்டா வைரஸ் கம்ப்யூட்டருக்குள்ள போயிடும். மறைஞ்சதைக் காட்டச் சொல்லி ஒரு கட்டளை இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. ஃபார்மட் பண்ணதோட விட்டிருந்தாக்கூட ஏதாவது தேடி எடுத்திருக்கலாம். அது மேல பாட்டை ஏத்திட்டீங்களே!”

படம் தெரியாவிட்டாலும் பென் டிரைவ் நிறைந்திருப்பதாகத்தான் கம்ப்யூட்டர் காட்டியது. டப்பா காலியென்றால் கனம் எப்படி இருக்கும்? அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மாமியார் அன்றைக்கு ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வைரஸ் என்பது கள்ள அட்டை

தறி வீட்டுக்காரிக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலப வழி இருக்கிறது. எங்கள் ஜக்காடு பெட்டியில் அட்டைகளை மாலை மாதிரி கோத்திருப்பார்கள். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஒரு இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அப்படித்தான் அன்னமும் மாங்காயும் புடவையில் விழுகின்றன. 1804-ல் பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார்ட் என்பவர் இதைச் செய்து காட்டினார். அந்த ஓட்டை அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்கத் திட்டம் போட்டார். ஆக, கம்ப்யூட்டருக்குக் கொள்ளுப்பாட்டி நம் தறிதான்!

அந்த அட்டை மாலையில் யாரோ ஒருவன் இரண்டு கள்ள அட்டையைச் செருகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறிக்கு நல்லது கெட்டது தெரியாது. அட்டையில் இருக்கிறபடி நெய்துகொண்டே போகும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதற்குள் புகுந்த கள்ள அட்டைதான் வைரஸ். அதைத் தேடி எடுக்க வேண்டுமே தவிர, தறியை உடைப்பார்களா?

கம்ப்யூட்டரில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று 1986-ல் லாகூரில் பிறந்தது. பெயர் ‘பிரெயின்’. செய்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். தாங்கள் எழுதிய மருத்துவ புரோகிராமைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே செய்தோம் என்று சொல்லி, தங்கள் பெயர், விலாசம், டெலிபோன் நம்பரையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். இப்போது வருகிற வைரஸ்காரர்கள் விலாசம் எல்லாம் வைப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது உங்கள் பாங்க் கணக்கு.

மாமியார் சொன்ன வைத்தியம்

போன வருஷம் தீபாவளி நெருக்கம். அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் தேடிக்கொண்டிருந்தேன். எதையோ தொட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. சங்கு ஊதுகிற மாதிரி சத்தம். ஒரு பெண் குரல் இங்கிலீஷில் கத்துகிறது. ‘உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது. உடனே இந்த நம்பருக்குப் பேசவும்’ என்று ஒரு டெலிபோன் நம்பர்.

முதலில் ஒரு தடவை எல்லாவற்றையும் தொலைத்தவள் இல்லையா? கை நடுங்கிப் பேசிவிட்டேன். எதிர்முனையில் ஒருவன், “மேடம், மேடம்” என்று தேனாகப் பேசினான். அவன் சொன்ன ஒரு புரோகிராமை ஏற்றினேன். அவ்வளவுதான், என் கை படாமலேயே திரையில் அம்பு நகர்ந்தது! ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து, சிவப்புக் குறியாக வரிசையாய்க் காட்டி, “பாருங்க மேடம், எத்தனை வைரஸ்! எட்டாயிரத்து ஐந்நூறு கட்டினால் உடனே எடுத்துவிடலாம். இப்பவே பாங்க் பக்கத்தைத் திறங்க, லேட் பண்ணினால் எல்லாம் போய்விடும்” என்றான்.

கணக்கில் இருந்தது பட்டும் ஜரிகையும் வாங்க வைத்திருந்த பணம். எழுந்து கார்டை எடுக்கப் போனேன். வாசற்படியில் தார் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் ராட்டினத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, யாரு அவன்? இன்னாத்துக்கு உன்ன இப்பிடி அவசரப்படுத்தறான்?”

“கம்ப்யூட்டர்ல வைரஸாம் அத்தை. இப்பவே பணம் கட்டணுமாம்.”

“இழ அறுந்தா இன்னா பண்ணுவே? தறிய நிறுத்துவியா, இன்னும் வேகமா மெதிப்பியா? மொதல்ல நிறுத்து. அப்பறம் பாக்கலாம்.”

போய் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். டெலிபோனையும் வைத்தேன். அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

கொழுந்தனார் மகன் ராத்திரி வந்து பார்த்துச் சொன்னான்: “பெரிம்மா, அந்தச் சிவப்புப் பட்டியல் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும். நல்லா இருக்கற மெஷின்லகூட சின்னச் சின்னத் தடங்கலை எழுதி வெச்சிக்கற நோட்டு அது. அதைக் காட்டித்தான் பயமுறுத்துவாங்க. நீங்க வைரஸை ஒண்ணும் பாக்கல. அந்தாளையேதான் வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க!”

சகோதரிகளே, இதை நன்றாக மனசில் வையுங்கள். விண்டோஸ் கொடுக்கும் நிஜமான எச்சரிக்கையில் டெலிபோன் நம்பர் ஒருபோதும் இருக்காது. மைக்ரோசாஃப்ட் கம்பெனியே இதைச் சொல்லியிருக்கிறது. நம்பர் இருந்தால் அது பொய்.

முதல் உதவி

ஜுரம் என்றால் முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அந்த மாதிரி வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வயர் இருந்தால் பிடுங்குங்கள். வைஃபை என்றால் அதை அணையுங்கள். உள்ளே இருக்கிற திருடனுக்கு வெளியே போக வழி அடைபட்டது.

திரையை மறைத்துக்கொண்டு பயமுறுத்தும் பக்கம் போகவில்லை என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மானேஜர்’ வரும். அதில் இன்டர்நெட் பார்க்கும் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பாங்க் வேலை, பாஸ்வேர்ட் எதுவும் கூடாது. பென் டிரைவும் சொருக வேண்டாம், அதற்கும் ஒட்டிக்கொள்ளும்.

என்னைப் போல் யாரையாவது உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால், வேறொரு போனிலிருந்து பாங்கைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஈ-மெயில், பாங்க் பாஸ்வேர்டுகளையும் அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். 1930 என்ற நம்பருக்கு உடனே பேசுங்கள். இந்தியா முழுவதற்கும் சைபர் குற்றப் புகாருக்கான நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு உண்டு.

கள்ள அட்டையை எடுப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த முறைதான். அன்று ராத்திரி என் கையாலேயே செய்ய வைத்தான் பிள்ளை.

ஸ்டார்ட் பட்டனில் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீலத் திரை வரும். அதில் ‘டிரபிள்ஷூட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ்’, பிறகு ‘ரீஸ்டார்ட்’. வரும் பட்டியலில் 4-ஐ அழுத்தினால் ‘சேஃப் மோட்’. அத்தியாவசியமான புரோகிராம் மட்டும் ஓடும் நிலை அது. பத்தியச் சாப்பாடு மாதிரி. கள்ளப் புரோகிராம் பெரும்பாலும் அப்போது ஓடாது. பிடிப்பது சுலபம்.

அடுத்து ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் தேதிவாரியாகப் பாருங்கள். தொந்தரவு தொடங்கிய நாளில் உங்களுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்தது எது? அதை ‘அன்-இன்ஸ்டால்’ செய்யுங்கள். சேஃப் மோடில் போக மறுத்தால் சாதாரணமாகத் திறந்து செய்யலாம். அந்தத் தேன் பேச்சுக்காரன் ஏற்றச் சொன்னதை இப்படித்தான் எடுத்தோம்.

பிறகு கம்ப்யூட்டரைச் சாதாரணமாகத் திறந்து, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்பதில் வைரஸ் பகுதிக்குப் போய், ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ என்பதில் ‘ஃபுல் ஸ்கேன்’ கொடுங்கள். பல மணி நேரம்கூட ஆகும். உலையை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். முடிந்ததும் அதே இடத்தில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானே அணைந்து, விண்டோஸ் விழித்துக்கொள்வதற்கு முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிஷம். ஆழத்தில் ஒளிந்திருப்பதும் அதில் அகப்படும். இதெல்லாம் விண்டோஸோடு கூடவே வருவது, தனியாகக் காசு இல்லை.

இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் மத்திய அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தொடங்கியது. வைரஸ் நீக்கும் கருவிகளை அவர்கள் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் எப்போதும் காவல் காக்கிற ஆன்டி-வைரஸ் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றே போதும். ஒரே குழம்பை இரண்டு பேர் தாளித்தால் என்ன ஆகும்? ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்துவிடும்.

சேலத்துச் சகோதரிக்கு: மூலையில் எட்டிப் பார்க்கும் விளம்பரம் பெரும்பாலும் வைரஸ்கூட இல்லை. ஏதோ ஒரு பக்கம் ‘அறிவிப்பு அனுப்பட்டுமா?’ என்று கேட்டபோது வீட்டில் யாரோ ‘சரி’ கொடுத்திருப்பார்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பட்டியலிலும் தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள். பாதி வீடுகளில் இத்தோடு சரியாகிவிடும். அதற்குப் பிறகு மேலே சொன்ன ஸ்கேன். அப்படியும் போகாமல், கடைக்காரர் அழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் போட்டோக்களை மட்டும் தனி டிஸ்கில் நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, நாலு படம் திறந்து பாருங்கள். உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அழிக்கச் சம்மதியுங்கள்.

எல்லாம் வைரஸ் இல்லை

தலைவலி என்றால் எல்லாம் ஜுரம் ஆகிவிடுமா? சிலதைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

தானாக அணைந்து போகிறது, விசிறி இரைகிறது என்றால் அது சூடு. எங்கள் வீட்டில் பட்டுப் பிசிறும் தூசியும் சேர்ந்து விசிறியைத் துணி மாதிரி மூடியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஈரத் துணி கூடவே கூடாது.

ஒவ்வொரு தடவையும் தேதியும் மணியும் மாறிப் போனால், உள்ளே காசு மாதிரி இருக்கிற 2032 என்ற நம்பர் போட்ட பாட்டரி தீர்ந்திருக்கும். மாற்றுவது சுலபம்.

ரொம்ப மெதுவாக இருந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். மூட்டை கட்டி அடைத்த பரணில் யார் ஏற முடியும்?

திறக்கும்போது பீப் பீப் என்று கத்தி, படம் வரவில்லை என்றால் உள்ளே மெமரி அட்டை நகர்ந்திருக்கலாம். விஷயம் தெரிந்தவரிடம் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லுங்கள்.

பெரிய இடத்துக்கும் வரும்

நமக்கு மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்து விஷயம் பேப்பரில் படித்திருப்பீர்கள். இந்திய அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் புகுந்ததை அக்டோபர் 30-ம் தேதி கழகமே ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் தொடர்புள்ள கம்ப்யூட்டர் அது; முக்கியமான உள் அமைப்பு தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பாதிப்பில்லை என்று விளக்கம் சொன்னார்கள்.

அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிரித்து வை! எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. விண்டோஸில் அதற்கு ‘ஸ்டாண்டர்ட்’ கணக்கு என்று பெயர். எதையாவது புதிதாக ஏற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் எங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். விளையாட்டுக்காக எதையாவது இறக்கினாலும் அப்பாவின் டிசைன் வரைக்கும் கை நீளாது.

இன்னொன்று 2017 மே 12-ம் தேதி. ‘வன்னாகிரை’ என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. ஃபைலை எல்லாம் பூட்டு போட்டுவிட்டு, பணம் கொடுத்தால்தான் சாவி என்று கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். ஆகவே ‘அப்டேட்’ என்று கேட்டால் ‘அப்புறம், அப்புறம்’ என்று தள்ளாதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால் இலவசமான லினக்ஸ் போடலாம். நம் சென்னை சி-டாக் நிறுவனம் செய்த ‘போஸ்’ அந்த வகைதான். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. பலரும் திறந்துகூடப் பார்க்கவில்லை!

இப்படிப் பூட்டுப் போடும் வைரஸ் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களுக்கெல்லாம் சாவி கிடைத்ததில்லை. ஐரோப்பியப் போலீசாரும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல் ‘நோ மோர் ரேன்சம்’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கண்டுபிடித்த சாவிகளை அங்கே சும்மா கொடுக்கிறார்கள். எல்லாப் பூட்டுக்கும் சாவி இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வருமுன் காக்க

பிரிண்ட் கடைக்கென்று ஒரு காலிப் பென் டிரைவ் தனியாக வையுங்கள். போக வேண்டிய ஒரே ஃபைல் மட்டும் அதில் போகட்டும். திரும்பி வந்ததும் திறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். அம்புக்குறி போட்ட ஃபோல்டரைக் கண்டால் தொடாதீர்கள், ஃபார்மட்டும் செய்யாதீர்கள். ‘அட்ரிப்’ என்ற கட்டளை தெரிந்த பிள்ளை உங்கள் தெருவிலேயே இருப்பான்.

‘ஓசி’யில் கிடைக்கிற திருட்டு சாஃப்ட்வேர் வேண்டாம். ஏற்றும்போது ‘ஆன்டி-வைரஸை அணைத்துவிட்டு ஏற்றவும்’ என்று சொன்னால் அதுவே அடையாளம். வாசல் நாயைக் கட்டிப் போடச் சொல்கிற விருந்தாளி எதற்கு வருகிறான்?

முகூர்த்த மாதம் வந்தால் செல்போனில் கல்யாணப் பத்திரிகை வரும். அந்தப் பெயரில் ‘ஏ.பி.கே.’ என்று முடியும் ஃபைல் வந்தால் தொடவே கூடாது. 2024 நவம்பரில் இப்படி வாட்ஸ்அப்பில் வந்த போலிப் பத்திரிகையைப் பற்றி இமாசலப் பிரதேசப் போலீசார் எச்சரிக்கை விட்டார்கள். ஏற்றினால் நம் எஸ்.எம்.எஸ். வரை படிக்கும், ஓ.டி.பி. அவன் கைக்குப் போகும். நிஜப் பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். சந்தேகமென்றால் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டு, “பத்திரிகை அனுப்பினீங்களா?” என்று கேளுங்கள். கேட்டால் சந்தோஷந்தான் படுவார்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக, நகல். முக்கியமான எதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. தனி டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒரு நாள் நகல் எடுத்துவிட்டு, உடனே கழற்றிப் பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்தால் பூட்டுப் போடும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை எடுக்கிறோம். அன்றைக்குத் தறிக்கு லீவு, மறக்காது.

வேறு வீடு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? மாமனாரின் படங்கள் எல்லாம் போய்விட்டன என்று எழுதினேன் அல்லவா? ஒன்று மட்டும் கிடைத்தது. அந்தப் பொங்கலன்றே என் மகன் அதை ஆரணியில் இருக்கிற என் நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அவர் பழைய போனில் அது அப்படியே இருந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் அவர் நாடாவைப் பிடித்திருக்கிற கை தெளிவாகத் தெரிகிறது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தறிக்கு எதிரே மாட்டியிருக்கிறோம்.

மாமியார் தினமும் விளக்கேற்றிவிட்டு அதைப் பார்ப்பார். நேற்று என்னிடம் கேட்டார், “ஏம்மா, இது ஒண்ணையாவது எங்கியாவது எடுத்து வெச்சிருக்கியா?” என்று.

“மூணு எடத்துல இருக்கு அத்தை” என்றேன்.

ராட்டினத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த இதழில், மழைக் காலத்தில் அரிசியில் வண்டு விழாமல் வைப்பது பற்றிப் பார்க்கலாம். உங்கள் சந்தேகங்களையும் எழுதுங்கள் சகோதரிகளே. வரட்டுமா?